கால் கழுவும் பருவம்: தளர்நடைக் குழவியின் தூய்மைப் பயிற்சி பற்றியதோர் ஆராய்ச்சி

1. முன்னுரை

பிள்ளைத்தமிழ் நூல்கள் குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகின்றன. தலையெடுத்து அசைதல், தாலாட்டுக் கேட்டல், கைகொட்டல், முத்தம் தருதல், நடந்து வருதல், நிலவை அழைத்தல், மணலில் சிறுவீடு கட்டல் என வளர்ச்சியின் படிகள் பல அவற்றுள் இடம்பெறுகின்றன. ஆயின் இன்றியமையாத படியொன்று அவ்வரிசையில் இல்லை. குழவி தன் உடற்கழிவை உரிய பொழுதில் உரிய இடத்தில் நீக்கப் பழகுவதே அது. மகவு வளர்த்த மகளிர் யாவரும் கைக்கொண்ட இப்பயிற்சிக்குப் பருவப் பெயரும் இல்லை. பாட்டியல் விதியும் இல்லை.

பெயர் இன்மையால் பொருளும் இல்லை என்று கொள்ளுதல் பொருந்தாது. இப்பயிற்சி பற்றிய சான்றுகள் இலக்கணம், பக்திப் பாடல், ஒழுக்க நூல், குழந்தை மருத்துவம், மக்கள் வழக்கு ஆகியவற்றுள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். குழவியைப் பழக்குதற்கு முன்னர்த் தாயும் இல்லமும் பழகிக்கொள்ளும் ஆயத்தமாகவே தமிழர் இதனைக் கொண்டிருந்தனர் என்பதும், அவ்வாயத்தம் இன்று நம் கண்முன்னே மறைந்து வருகிறது என்பதும் நாம் நிறுவ விழையும் கருத்துகளாம்.

சங்கரன்கோவில் வட்டாரத்தை இதற்கு நிலைக்களமாகக் கொண்டோம். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர் 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. குழவியைத் தாய்க்கண்ணால் கண்டு பாடிய பெரியாழ்வாரின் திருவில்லிபுத்தூர் இதற்கு வடக்கே உள்ளது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரின் திருவைகுண்டம் தென்கிழக்கே உள்ளது. குழவியைப் பாடிய மரபின் இரு பெருந்தூண்களுக்கு இடையே அமைந்த இந்நிலத்தில் பழைய இல்வழக்குகளும் சொற்களும் முதியோர் நாவில் இன்றும் எஞ்சியுள்ளன.

2. இலக்கணம் தரும் சான்று

அவையிற் கூறத்தகாத சொல்லைத் தொல்காப்பியர் அவையல் கிளவி என்பர். அதனை மறைத்துக் கூறுக என விதித்த அவர், வழக்கில் மருவி நிலைபெற்றதனை மறைக்க வேண்டா என்றும் விலக்குத் தந்தனர். ஆப்பி, யாட்டுப் பிழுக்கை, யானை இலண்டம் முதலியவற்றை அவ்விலக்குக்கு எடுத்துக்காட்டுவது உரை மரபு. ஆவின் சாணத்தைக் குறிக்கும் ஆப்பி என்னும் சொல் புணருமாற்றை உயிர்மயங்கியலில் கூற வந்த விடத்து, வருமொழியை வெளிப்படச் சொல்லாது 'ஈகார பகரம்' என எழுத்தளவிற் சுட்டிச் செல்கிறார் ஆசிரியர். இலக்கணம் கூறும் வாயே இடக்கரை அடக்கிக் காட்டுதல் ஈண்டு நோக்கத்தக்கது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூல் இதனைத் தகுதி வழக்கின் ஒரு கூறாக்கி, மங்கலம், குழூஉக்குறி என்பவற்றோடு இடக்கரடக்கல் எனப் பெயரிட்டது. 'கால் கழுவி வந்தான்' என்பது மாணாக்கர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டாகும். ஆயின் இவ்வழக்கை ஒருவன் எங்குக் கற்கிறான் என்று வினவுவோமாயின், விடை பள்ளியில் இல்லை. தாயின் மடியில் உள்ளது. ஆய், கக்கா, மூச்சா என்னும் மழலைச் சொற்களே குழவி கற்கும் முதல் இடக்கரடக்கல். பள்ளி புகுந்தபின் ஒரு விரலையோ இரு விரலையோ காட்டி, ஒன்றுக்கு என்றும் இரண்டுக்கு என்றும் எண்ணால் உணர்த்தக் கற்கிறது. வளர்ந்தபின் வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல் என இடத்தாற் கூறக் கற்கிறது. ஓசை, எண், இடம் என மூன்று படியில் ஒருவனது சொல்வழக்கு முதிர்கின்றது. தூய்மைப் பயிற்சி உடற்பயிற்சியாதலோடு மொழிப் பயிற்சியும் ஆதல் இதனாற் புலனாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கழிப்பறையைக் குறிக்கும் கக்கூஸ் என்னும் சொல்லைக் கக்கா என்னும் மழலைச் சொல்லிலிருந்து பிறந்ததாகக் கருத இடமுண்டு. ஆனால் அது டச்சு மொழியிலிருந்து இலங்கை, தமிழகக் கடற்கரைகளின் வழி வந்த சொல்லாகும். சிங்களத்திலும் அதன் வடிவம் வழங்குகின்றது. ஒலி ஒப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது.

3. இலக்கியம் தரும் சான்று

மக்கட்பேற்றைப் போற்றும் இடத்துச் சங்கப் புலவரும் வள்ளுவரும் குழவியின் அழுக்கை வெறுத்தாரல்லர். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய 188ஆம் புறப்பாட்டு, நெய்ச்சோற்றை உடலெங்கும் சிதறும் குழவியின் இயல்பையே இன்பமெனக் காட்டுகின்றது. திருக்குறளின் மக்கட்பேறு என்னும் அதிகாரத்திலும் சிறுகை துழாவிய உணவு சிறப்பிக்கப்படுகின்றது. ஆயினும் இவை உண்ணும் நிலையோடு நின்றன. கழிக்கும் நிலையைப் பாடவில்லை.

அவ்வெல்லையைக் கடந்தவர் பெரியாழ்வார். அவருடைய திருமொழியின் முதற்பத்தில் ஏழாம் திருமொழி தளர்நடையைப் பாடுவது. அதன்கண் ஒரு பாசுரம், தள்ளாடி நடந்து வரும் கண்ணனின் உடலிலிருந்து துளித்துளியாய்ச் சோரும் சிறுநீரைப் பாடி, கங்கை நீராடலினும் மிக்க தீர்த்தப் பயன் தருவது எனப் போற்றுகின்றது. குழவி இறைவனாதலின் இது பத்திமை மொழி என்று அமையலாம். ஆயினும் பாட்டின் உயிர் தாயின் நோக்கில் உள்ளது. நடை பழகும் பருவத்தில் குழவிக்குக் கழிவை அடக்கும் ஆற்றல் இன்னும் வரவில்லை என்பதைப் புலவர் கண்டிருக்கிறார். கண்டும் அதனைக் குற்றமாக்கவில்லை. தளர்நடைப் பருவத்தையும் சிறுநீர் சோர்தலையும் ஒரே காட்சியில் இணைத்த இப்பாசுரம், நம் பொருளுக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான இலக்கியச் சான்றாகும்.

4. ஒழுக்க நூல் தரும் சான்று

பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை பதினெண்கீழ்க்கணக்கைச் சார்ந்தது. உமிழ்தலும் இருவகைக் கழிவை நீக்கலும் ஆகாத இடங்கள் பத்தினை அது தொகுத்துரைக்கின்றது. புல்வெளி, பசும்பயிர், ஆப்பி, சுடுகாடு, வழி, நீர்த்துறை, கோயில், நிழல், ஆநிலை, சாம்பல் என்பன அவை. இவற்றுள் சில தெய்வம் பற்றியன. சில பயன் பற்றியன. நிழல் வழிப்போக்கர்க்கு உரியது. நீர்த்துறை ஊரார்க்கு உரியது. பசும்பயிர் உழவர்க்கு உரியது. பிறர்க்குப் பயன்படும் இடத்தைக் கெடுக்கலாகாது என்னும் பொதுநெறி இப்பட்டியலின் அடியில் நிற்கின்றது.

ஆசாரக்கோவை வளர்ந்தோரை நோக்கிக் கூறியது. பெரியாழ்வார் யாதொரு விதியும் அறியாத குழவியைப் பாடினார். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட வழியைக் கடத்துவிப்பதே தாயின் பணி. எங்கும் சோர்ந்து திரிந்த குழவி, பத்திடம் விலக்கி ஓரிடம் தேரும் மாந்தனாதல் வேண்டும். தூய்மைப் பயிற்சியின் சாரம் இடமறிதலே எனலாம். ஆடித்தபசு நாளில் கோமதியம்மன் சந்நிதிக்குத் தோளிற் சென்ற குழவியின் நெற்றியில் புற்றுமண் இடுவர். மண்ணுள்ளும் நெற்றிக்கு உரியது உண்டு, காலடிக்கு உரியது உண்டு என்னும் வேறுபாட்டைக் குழவி இவ்வாறே சிறிது சிறிதாக உணர்கின்றது.

5. இல்லத்து ஆயத்தம்

நெல்லைச் சீமையின் பழைய இல்லங்கள் திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என முன்னிருந்து பின்னாக நீண்டு செல்வன. நீர் புழங்கும் மூலையை அங்கணம் என்பர். திருக்குறளில் வழங்கிய இச்சொல் தென்பாண்டி நாட்டில் இன்றளவும் உயிரோடுள்ளது. புறவாசலுக்குச் செல்லும் வயது வரும்வரை குழவியின் கழிவிடம் பெரும்பாலும் அங்கணத்தின் ஓரமே.

கழுத்து நின்றபின் தாய் குழவியைத் தன் கால்களில் இருத்துவாள். அவள் மணையில் அமர்ந்து பாதங்களைச் சேர்த்து வைக்க, அவை குழவிக்கு இருக்கையாகும், முழங்கால்கள் சாய்மானமாகும். 'உஸ்' என்னும் ஓசையைத் தாய் எழுப்புவாள். உறங்கி எழுந்த பொழுதும் பாலுண்ட சிறிது நேரங் கழித்தும் இவ்வாறு இருத்துதல் வழக்கம். உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடலின் அசைவு மிகும் என்பது இன்றைய மருத்துவம் அறிந்த உண்மை. நூல் கல்லாத தாயர் அதனைப் பட்டறிவால் கண்டு பயன்படுத்தினர். பணி முடிந்தபின் குழவியையும் கழுவித் தன் பாதங்களையும் அவள் கழுவிக்கொள்வாள். இலக்கணத்தில் இடக்கரடக்கலாக நின்ற கால் கழுவுதல் ஈண்டு நேர்ப்பொருளிலேயே உண்மையாகின்றது. கழுவப்படுவன தாயின் கால்கள்.

உடையும் இப்பயிற்சிக்கு இயைந்தே இருந்தது. தளர்நடைக் குழவிக்கு அரைஞாணும், பெண்குழவிக்கு அரைமூடியுமே பெரும்பாலும் அணி. பழைய வேட்டியைக் கிழித்து ஆக்கிய அணையாடை தொட்டிலுக்கும் படுக்கைக்கும் ஆகும். கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் பெருகிய சங்கரன்கோவிலில் துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தித் துணிக்குக் குறைவில்லை. மறைப்பு இன்மையால் கழிவு வெளிப்பட்டவுடனே குழவியும் உணரும்; தாயும் அறிவாள். அறிந்தவுடன் துடைப்பாள்; வைவதில்லை. குழவி முகஞ்சுளித்தல், ஆட்டம் நிறுத்தி நிற்றல், மூலையை நாடுதல் ஆகிய குறிப்புகளை முதலிற் கற்றவள் தாயே. அவள் கற்றபின்னரே குழவி கற்றது.

கழிவின் நிறத்தையும் தன்மையையும் நாள்தோறும் காண்பதால் நோயும் முன்னறியப்பட்டது. பாலவாகடம் என வழங்கும் குழந்தை மருத்துவ நூல்கள் மாந்தம் முதலிய பிணிகளைக் கூறுமிடத்துக் கழிச்சலின் இயல்பைக் குறியாகக் கொள்கின்றன. ஆதலின் இப்பயிற்சி தூய்மையோடு நலங்காத்தலையும் தன்னுள் அடக்கியிருந்தது.

தறிக்கோ வயலுக்கோ செல்லும் தாய்க்கு மாற்றாகப் பாட்டியும் அக்காளும் இப்பணியை ஏற்றனர் என்பதையும் மறத்தலாகாது. ஒரு கையன்றிப் பல கைகள் ஒரே முறையைக் கைக்கொண்டமையே குழவி குழப்பமின்றிப் பழகியதற்குக் காரணமாகும்.

6. பிறநாட்டு வரலாற்றோடு ஒப்புமை

அமெரிக்க நாட்டின் குழந்தைகள் நலப் பணியகம் 1914இல் குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. அதன் தொடக்ககாலப் பதிப்புகள் முதலாண்டிலேயே பயிற்சியைத் தொடங்கி நேரந் தவறாது நடத்துமாறு அறிவுறுத்தின. இக்கண்டிப்புக்கு எதிராகப் பின்னர்க் கருத்து மாறிற்று. 1962இல் பெரி பிரேசல்டன் என்னும் குழந்தை மருத்துவர் 1,170 குழந்தைகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். உடலும் உள்ளமும் ஆயத்தமான பின்னரே குழந்தையைப் பழக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அம்முறையில் பழகிய குழந்தைகள் சராசரியாக 28.5 மாதங்களில் பகற்பொழுதுப் பயிற்சியை நிறைவு செய்தனர்.

1977இல் டி விரீஸ் இணையர் கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களைப் பற்றி எழுதினர். அம்மக்கள் பிறந்த இரண்டு மூன்று வாரங்களிலேயே தொடங்கி, நான்கைந்து மாதங்களில் குழவியை நனையாது பழக்கினர். தாய் தன் கால்களுக்கிடையே குழவியை இருத்தி ஓசையெழுப்புவது அவர்தம் முறை. கடல் கடந்த இம்முறை நம் இல்வழக்கோடு ஒத்திருத்தல் வியப்பைத் தருவதாகும். ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரிடம் கற்றனர் என்று கொள்ள வேண்டுவதில்லை; குழவியின் உடலமைப்பு எங்கும் ஒன்றாதலின் தாயரின் பட்டறிவும் ஒன்றாயிற்று.

7. பருவ வரிசையும் ஆயத்தமும்

இவ்விரு முறைகளுள் தமிழர் முறை எதனோடு சாரும் என்பது வினா. பிள்ளைத்தமிழின் பருவ வரிசையே விடையைக் குறிப்பாற் காட்டுகிறது எனக் கருதுகிறோம். மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை ஒற்றைப்படை மாதங்களில் பருவங்களை அமைப்பது பாட்டியல் மரபு. அவ்வாறு கொள்ளின் செங்கீரை ஐந்தாந் திங்களிலும், சப்பாணி ஒன்பதாந் திங்களிலும், வருகை பதின்மூன்றாந் திங்களிலும், அம்புலி பதினைந்தாந் திங்களிலும் அமையும். சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன அதன்பின் வரும். செங்கீரையில் தலை நிமிர்கின்றது. சப்பாணியில் குழவி தானே அமர்கின்றது. வருகையில் அழைத்த இடத்திற்கு நடந்து வருகின்றது. அம்புலியில் பிறர் சுட்டியதைத் தானும் நோக்கிச் சொற்பொருள் உணர்கின்றது. சிற்றிலில் சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டை நாடிச் சென்று சிதைக்கின்றது.

இன்றைய குழந்தை மருத்துவர் ஆயத்தத்தின் அறிகுறிகளாகக் கூறுவன எவை? துணையின்றி அமர்தல், நடத்தல், எளிய ஏவலைப் புரிந்துகொள்ளல், தன் தேவையை உணர்த்தல், இரண்டு மணி நேரமேனும் நனையாதிருத்தல் என்பனவாம். இறுதியொன்று நீங்க ஏனைய யாவும் பருவ வரிசையுள் அடங்கியிருத்தல் காண்க. பாட்டியலார் இப்பயிற்சியை உட்கொண்டு பருவம் வகுத்தனர் என்று நாம் கூறவில்லை. குழவியின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கிய மரபு, இப்பயிற்சிக்கு வேண்டிய படிகளையும் தன்னையறியாமலே வரிசைப்படுத்தி வைத்தது என்பதே நம் கருத்து. கழுத்து நின்றதும் தாய் தன் பணியைத் தொடங்கினாள். குழவியிடம் பொறுப்பை எதிர்பார்த்தது நடையும் சொல்லும் வந்தபின்னரே. முன்னது டிகோ மக்களின் தொடக்கத்தை ஒத்தது; பின்னது பிரேசல்டனின் பொறுமையை ஒத்தது.

8. இன்றைய மாற்றம்

இவ்வாயத்தம் மூன்று காரணங்களால் இன்று நிலை குலைந்துள்ளது. முதலாவது, இல்லத்தின் மாற்றம். சிறுவீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் அங்கணமும் இல்லை, புறவாசலும் இல்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தால் கழிப்பறைகள் பெருகின, அது நன்றே. ஆயின் வளர்ந்தோர்க்கென அமைத்த பீங்கானின் அகலத்தைக் கண்டு இரண்டு வயதுக் குழவி அஞ்சுகின்றது. தாயின் பாதங்கள் தந்த இருக்கைக்கு மாற்றாகக் காலூன்றி அமரத்தக்க சிறு இருக்கையொன்றை வீட்டார் முன்னரே அமைத்துப் பழக்குதல் வேண்டும்.

இரண்டாவது, உடையின் மாற்றம். 1961இல் அமெரிக்காவில் பாம்பர்ஸ் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பர், இந்த நூற்றாண்டில் சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் கடைகளுக்கும் வந்துவிட்டது. பயணத்திற்கும் இரவுக்கும் அது உதவுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஈரத்தை உடனே உறிஞ்சுவதால் நனைந்ததைக் குழவியும் உணர்வதில்லை; தாயும் அறிவதில்லை. குறிப்பறியும் பயிற்சி இருவர்க்கும் ஒருங்கே குறைகின்றது.

மூன்றாவது, அறிவின் தொடர்ச்சி அறுதல். பாட்டியும் பேத்தியும் ஒரே கூரையின்கீழ் வாழாத நிலையில், எழுதப்படாத இக்கல்வி கைமாற வழியில்லை. அதனால் தாயர் அண்டை வீட்டுக் குழவியோடு தம் குழவியை ஒப்பிட்டு அஞ்சுகின்றனர். பள்ளியில் சேர்க்கும் நாளுக்குள் முடிக்க விரைந்து அடிக்கவும் செய்கின்றனர். அச்சத்தால் மலத்தை அடக்கும் குழவிக்கு மலச்சிக்கல் உண்டாகிப் பயிற்சி மேலும் நீளும். இரவில் நனைத்தல் ஐந்து வயது வரை நோயன்று என்பதையும் பலர் அறிந்திலர்.

பழமை யாவும் போற்றத்தக்கது என்பதும் நம் கருத்தன்று. குழவியின் மலம் தீங்கற்றது என்னும் நம்பிக்கையால் அதனைத் தெருவோரச் சாக்கடையில் எறியும் வழக்கம் இன்னும் உண்டு. வளர்ந்தோர் மலத்தைப் போலவே அதுவும் நோய்க்கிருமிகளைப் பரப்பவல்லது. ஆழ்வார் கண்ட காதல் உள்ளத்திற்கு உரியது. கழிப்பறையில் இடுதலும் சோப்பிட்டுக் கைகழுவலும் கைக்கு உரியன.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. தன் மகவின் கழிவை அன்போடு அள்ளிய சமுதாயமே, ஊரார் கழிவை அள்ளும் தொழிலைப் பிறப்பின் பெயரால் ஒரு சாரார்மேல் சுமத்தி, அவரை இழிந்தோராகவும் கருதிற்று. அவ்விழிதொழிலை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. டயப்பரைத் தனியே பொதிந்து தருமாறு 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. அவ்வாறு செய்யாது பிற குப்பையோடு கலந்து எறியும் இல்லம், தன் குழவியின் கழிவை இன்றும் தூய்மைப் பணியாளர் கையில் இடுகின்றது. அருவருப்பு என்னும் உணர்வைக் குழவி கற்கும் முதற்களம் இப்பயிற்சியே. அழுக்கின்மேல் கற்ற அருவருப்பு ஆள்மேற் படியாதவாறு காத்தல் பெற்றோர் கடன்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். தூய்மைப் பயிற்சிக்கெனத் தமிழில் தனிப்பருவம் வகுக்கப்படவில்லையாயினும், இலக்கணம் அதன் சொல்லையும், ஆழ்வார் பாசுரம் அதன் பொறுமையையும், ஆசாரக்கோவை அதன் இடநெறியையும், பாலவாகடம் அதன் நலநோக்கையும் நமக்குக் காத்துத் தந்துள்ளன. அவற்றை ஒன்றாக்கிச் செயற்படுத்தியவர் நூலிற் பெயர் பொறிக்கப்படாத மகளிர்.

ஆயத்தம் முதலில் தாய்க்கும் தந்தைக்கும் வேண்டுவது; குறிப்பறிதல், இடம் அமைத்தல், சொல் ஒன்றை நிலைநிறுத்தல், வீட்டார் அனைவரும் ஒரு முறையைக் கைக்கொள்ளல் என்பன அதன் உறுப்புகள். குழவி நடந்து, கேட்டு, சொல்லத் தொடங்கியபின் எஞ்சிய பகுதி தானே நிகழும். நெல்லைச் சீமையின் முதிய மகளிரிடம் இச்சொற்களும் முறைகளும் எஞ்சியிருக்கும் காலத்திலேயே அவற்றைத் தொகுத்தல் தமிழாய்வாளர் கடமையாகும். வட்டார வழக்கைத் தொகுக்கச் செல்லும் மாணாக்கர் உழவையும் தறியையும் வினவுவது போலவே அங்கணத்தையும் வினவுக. அவையல் கிளவி என்று அஞ்சி நாம் வினவாது விடின், தாயின் கால்களில் அமர்ந்து தமிழ்க் குழவி கற்ற முதற்பாடம் ஏட்டிலும் ஏறாது, நினைவிலும் நில்லாது போகும்.